மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சியும் வேலைவாய்ப்பு ஆதரவும்

உடல், புலன், அறிவு அல்லது மனநலம் சார்ந்த குறைபாடுள்ள வயது வந்தோர் ஒரு தொழிலைக் கற்று, அதற்குரிய கூலி பெற்று, அந்த வேலையில் நீடிக்க உதவும் ஏற்பாடுகளை இத்தலைப்பு குறிக்கும். பணமும் கவனமும் பெரும்பாலும் கற்றுக்கொடுப்பதற்கே போயிருக்கின்றன. வேலையில் சேர்ந்தவரை அங்கே நிலைக்கச் செய்யும் முயற்சி மிகவும் பிந்தித்தான் தொடங்கியது. இந்தியாவில் அது இன்னும் தொடக்க நிலையைத் தாண்டவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களில் ஏதேனும் ஒரு வேலை செய்து வந்தவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே. பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இது 23 விழுக்காடு.

தொடக்கம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இயங்கிய பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளி, படிப்பை முடித்தும் வெளியில் வேலை கிடைக்காத தன் மாணவர்களுக்காக 1840 வாக்கில் ஒரு பட்டறையைத் திறந்தது. மாற்றுத்திறனாளிகள் மட்டும் வேலை செய்யும் தனிப்பட்டறை என்ற முறைக்கு இது முன்னோடி. இத்துறையில் அரசுகளை இறங்க வைத்தவை உலகப் போர்கள். அமெரிக்கா 1918இல் ஊனமுற்றுத் திரும்பிய படைவீரர்களுக்கும், 1920இல் பொதுமக்களுக்கும் மறுவாழ்வுச் சட்டங்களை இயற்றியது. பிரிட்டனின் 1944ஆம் ஆண்டுச் சட்டம், 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்கள் 3 விழுக்காடு இடங்களை ஊனமுற்றோருக்குத் தரவேண்டும் என்றது. அடுத்த ஆண்டே அங்கு அரசு, ஊனமுற்றோருக்கு வேலை தரும் ‘ரெம்ப்ளாய்’ நிறுவனத்தைத் தொடங்கியது. வேல்ஸ் பகுதியின் பிரிட்ஜெண்டில் 1946இல் திறக்கப்பட்ட அதன் முதல் ஆலையில் மேசை நாற்காலிகளோடு வயலின்களும் செய்தார்கள்.

இந்தியாவிலும் அரசு இத்துறையில் இறங்கியது போரின் வழியாகவே. போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1943இல் டேராடூனில் ஒரு விடுதி அமைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், 1950இல், அங்கேயே வயது வந்த பார்வையற்றோருக்கான பயிற்சி மையத்தை மத்திய அரசு நிறுவியது. நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல், நெசவு போன்ற கைத்தொழில்கள் கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் நாடெங்கும் எழுந்த மையங்களும் மெழுகுவத்தி, ஊதுபத்தி, காகிதப் பை என்று இதே வரிசையைத்தான் பின்பற்றின. சந்தையில் என்ன விலைபோகும் என்று கேட்காமல் எதைக் கற்பிப்பது எளிது என்று பார்த்ததே இதற்குக் காரணம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள்.

வேலூர்

தமிழகத்தில் இத்துறையின் வரலாற்றில் தொழுநோய் மருத்துவத்துக்கு முக்கிய இடம் உண்டு. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்று அறுவை மூலம் நிமிர்த்த முடியும் என்று காட்டினார். கை சரியாயிற்று, பிழைப்புக்கு வழி பிறக்கவில்லை. நோயின் பெயரைச் சொல்லி வேலை தர மறுத்தார்கள். பிச்சைக்குப் போனாலும், நல்ல கையைப் பார்த்துக் காசு போடத் தயங்கினார்கள். குணமானவர்களே திரும்பி வந்து மருத்துவரிடம் இதைச் சொன்னார்கள்.

இதற்கு விடையாக 1951இல் கல்லூரி வளாகத்தில் மண்சுவர்க் குடில்களுடன் நவஜீவ நிலையம் உருவானது. அங்கே தச்சுப் பட்டறை அமைத்து மர பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி நடக்க நடக்கப் புதுப்புதுக் காயங்கள் தோன்றின. இழைப்புளி பிடித்த கையில் கொப்புளம், சுத்தியல் பிடித்த கையில் புண். தொழுநோய் சதையைத் தின்கிறது என்ற பழைய நம்பிக்கை அப்போது மருத்துவர்களிடமும் இருந்தது. பிராண்ட் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தன்னால் திறக்க முடியாமல் நின்றபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி அநாயாசமாகத் திருகித் திறந்ததையும், அவன் விரல் எலும்பு தெரிய அறுந்திருந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். சிறுவனுக்கு வலி தெரியவில்லை. இரவில் படுத்தவர்கள் காலையில் விரல்நுனி இல்லாமல் எழுந்ததற்குக் காரணம் எலிகள் என்று தெரிந்ததும், நிலையத்தை விட்டு ஊர் திரும்புவோரோடு பூனையும் அனுப்பப்பட்டது.

இதன் பிறகு கருவிகளை மாற்றினார்கள். கைப்பிடிகள் தடிமனாயின, அழுத்தம் ஓரிடத்தில் விழாதபடி அவற்றைச் சுற்றிக் கட்டினார்கள். வேலை முடிந்ததும் கைகளைச் சோதிப்பது அன்றாட ஒழுங்காயிற்று. புதிய காயங்கள் குறைந்தன. உடலுக்கேற்பக் கருவியையும் வேலைமுறையையும் திருத்துவது இன்று சட்டங்கள் முதலாளியிடம் கேட்கும் கடமை. அந்தப் பட்டறையில் 1950களிலேயே அது நடைமுறையில் இருந்தது. இதைத் தமிழகம் இன்னும் போதிய அளவு பேசவில்லை.

வேலூரில் இந்த மரபு தொடர்ந்தது. 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையத்தைத் திறந்தார். அருகிலுள்ள காட்பாடியில், தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காக 1963இல் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கிய பட்டறைதான் இன்றைய வொர்த் அறக்கட்டளை. பொறியியல் உதிரிபாகங்களோடு பார்வையற்றோருக்கான பிரெயில் தட்டச்சு இயந்திரமும் அங்கே உருவாகிறது.

முதலில் வேலை, பிறகு பயிற்சி

அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் உறை ஒட்டுவதற்கும் மணி கோப்பதற்கும் மேல் எதையும் கற்க மாட்டார்கள் என்ற எண்ணத்தை உடைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் மார்க் கோல்ட். 1972இல் வெளியான அவரது ஆய்வில், தனிப்பட்டறைகளைச் சேர்ந்த 64 பேருக்கு 15 உதிரிபாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுத்தந்தார். வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்தார். பேச்சைக் குறைத்தார். சிலருக்கு, பாகத்தை எப்படி வைக்கவேண்டும் என்று காட்ட அதன் ஒரு பக்கத்தில் வண்ணம் பூசிக்கொடுத்தார்; அவர்கள் இன்னும் விரைவாகக் கற்றார்கள். பிறகு 24 பாகங்கள் கொண்ட பிரேக்கையும் பூட்டிக் காட்டினார்கள். ஒருவர் கற்கவில்லையென்றால் கற்பிக்கும் முறையை மாற்றவேண்டும் என்பதே கோல்ட் வலியுறுத்தியது. 1982இல் அவர் மறைந்தார்.

பயிற்சி முடித்துத் தகுதி வந்தபின் வேலை என்ற வரிசையை இதன் தொடர்ச்சியாக வந்தவர்கள் தலைகீழாக்கினார்கள். வர்ஜீனியாவில் பால் வேமன் முதலியோர், ஆளைச் சாதாரணப் பணியிடத்தில் முதலில் சேர்த்துவிட்டு, வேலைப் பயிற்றுநர் ஒருவர் கூடவே இருந்து கற்றுத்தரும் முறையை வளர்த்தார்கள். பேருந்து ஏறுவது, அட்டையில் நேரம் பதிவது, தேநீர் இடைவேளையில் சக ஊழியரோடு பழகுவது எல்லாம் இதில் அடங்கும். ஊழியர் ஊன்றிக்கொள்ள, பயிற்றுநர் சிறிது சிறிதாக விலகுவார், கூப்பிட்டால் வருவார். 1986இல் இம்முறை அமெரிக்கக் கூட்டரசின் மறுவாழ்வுச் சட்டத்தில் இடம்பெற்றது. தீவிர மனநோய் உள்ளவர்களுக்காக இதன் ஒரு வடிவத்தை 1990களில் நியூஹாம்ப்ஷையரில் டெபோரா பெக்கரும் ராபர்ட் டிரேக்கும் உருவாக்கினார்கள். வேலை வேண்டும் என்று விரும்புவதே அதில் சேரத் தகுதி. முதலில் பயிற்சி என்னும் பழைய முறையைவிட இதில் கூடுதலானவர்கள் வெளிச்சந்தையில் வேலை பெறுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

தனிப்பட்டறைகளின் மீதான நம்பிக்கை இதற்குள் சரிந்திருந்தது. ஊனமுற்றோருக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே தரலாம் என்று 1938ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமே இடம் கொடுத்தது. அயோவா மாநிலத்தின் அட்டாலிசாவில், பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் தங்கவைக்கப்பட்ட அறிவுசார் குறைபாடுள்ள ஆண்கள், பல்லாண்டுகள் வான்கோழி வெட்டும் ஆலையில் உழைத்து மாதம் 65 டாலர் மட்டுமே கைக்கு வாங்கியது 2009இல் அம்பலமானது. 32 பேருக்காக நடந்த வழக்கில் 2013இல் நடுவர் குழு 24 கோடி டாலர் இழப்பீடு அறிவித்தது. சட்ட உச்சவரம்பினால் அது 16 லட்சம் டாலராகக் குறைக்கப்பட்டது. பிரிட்டனில் ரெம்ப்ளாயின் கடைசி ஆலைகளும் அதே 2013இல், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பை மீறி மூடப்பட்டன. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. மாற்று வேலையை உறுதிசெய்யாமல் பட்டறையைப் பூட்டினால் ஊழியர் வீட்டுக்குள்தான் முடங்குவார்.

இந்தியச் சட்டங்கள்

ஊனமுற்றோருக்கான முதல் தனி வேலைவாய்ப்பு அலுவலகம் 1959இல் பம்பாயில் தொடங்கியது. 1968இல் பம்பாயிலும் ஐதராபாத்திலும் தொழில்சார் மறுவாழ்வு மையங்கள் வந்தன. சென்னை கிண்டியிலும் இத்தகைய மையம் உண்டு. மத்திய அரசின் ‘சி’, ‘டி’ பிரிவுப் பணிகளில் 1977இல் 3 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. ஊனமுற்றோருக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஒதுக்கீட்டுக்குச் சட்ட வலிமை தந்தது. ஆனால் ஊனமுற்றோர் செய்யத்தக்கவை என்று “அடையாளம் காணப்பட்ட பணியிடங்கள்” என்ற வரையறையைப் பிடித்துக்கொண்டு துறைகள் எண்ணிக்கையைச் சுருக்கின. மொத்தப் பணியிடங்களின் அடிப்படையிலேயே கணக்கிட வேண்டும் என்று, தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தியது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளவர்கள் முதன்முறையாக இதில் சேர்க்கப்பட்டனர். பல்லாண்டுப் போராட்டத்தின் பலன் இது. ஆயினும் போட்டித் தேர்வு எழுதித்தான் அந்த இடத்துக்கு வரவேண்டும் என்பதால், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கதவு திறந்தும் திறக்காத நிலைதான். தனியார் துறைக்குக் கட்டாயம் இல்லை. ஊக்கத்தொகை மட்டும் உண்டு.

ஊர்ப்புறத்தில்

கடற்படை அதிகாரித் தேர்வில் ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மையத்தில் பயிற்சி என்பதோடு நில்லாமல் சுற்றுவட்டக் கிராமங்களுக்கே போய்ச் சேவை தந்ததும், மாற்றுத்திறனாளிகளின் சுயஉதவிக் குழுக்களை வளர்த்ததும் அதன் சிறப்பு. சென்னையில் 1984இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப், மனச்சிதைவு நோயாளிகளுக்கு மருந்தோடு தொழிற்பயிற்சியையும் சிகிச்சையின் பகுதியாக்கியது. உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழக அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தின் கீழ் வட்டார அளவில் ‘விழுதுகள்’ சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன.

ஆனாலும் ஊர்ப்புறத்து மாற்றுத்திறனாளிக்கு நடைமுறையில் எட்டிய கூலிவேலை பெரும்பாலும் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நூறுநாள் வேலையாகவே இருந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நான்கு மணி நேரம் வேலை செய்தால் முழுக்கூலி என்றும், தண்ணீர் கொடுத்தல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதல் போன்ற பணிகளை அவர்களுக்குத் தரலாம் என்றும் தமிழகம் விதி வகுத்தது. தனிப்பட்டறை கட்டாமல், எல்லோரும் வேலை செய்யும் இடத்திலேயே வேலையைத் திருத்தியமைத்த ஏற்பாடு இது. புகழ்பெற்ற பல பயிற்சித் திட்டங்களைவிட இந்த விதி அதிகம் பேருக்குக் கூலி வாங்கித் தந்திருக்கும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இன்றைய குறை ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பயிற்சிக்கு நிதி இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, வேலைவாய்ப்பு முகாம் நடக்கிறது. சேர்ந்த மூன்றாவது மாதம் மேற்பார்வையாளர் மாறும்போதோ, பேருந்து நேரம் மாறும்போதோ வேலையை விட்டுவிடும் நிலையில் இருப்பவரைத் தேடிப்போய்ப் பேச, சம்பளம் பெறும் பயிற்றுநர் கிடையாது. 2016 சட்டத்தில் அப்படியொரு பணியிடம் குறிப்பிடப்படவில்லை. சில தொண்டு நிறுவனங்களும் பெற்றோரும்தான் அதைச் செய்துவருகிறார்கள். ஒவ்வொரு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் வேலைப் பயிற்றுநர் பணியிடங்களை அரசு உருவாக்க வேண்டும். கடையோ தொழிற்கூடமோ நடத்துபவர்கள் தங்களிடம் உள்ள காலியிடத்தை அதே அலுவலகத்தில் இன்றே தெரிவிக்கலாம். மாதம் 25,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு முதலாளி செலுத்தவேண்டிய வருங்கால வைப்புநிதி, இ.எஸ்.ஐ. பங்கை மூன்றாண்டுகளுக்கு மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2008இல் கொண்டுவரப்பட்டது.