முயலைக் கிளப்புற நாய்

இந்தப் பொங்கலுக்கு மகன் சென்னையிலிருந்து வரும்போது கூடவே ஒரு நாயையும் கொண்டாந்தான். பீகிள் சாதியாம். ஒண்ணேகால் அடி உயரம், தொங்குற காது, வால் நுனியில சுண்ணாம்பு தொட்டு வச்ச மாதிரி வெள்ளை. டோரான்னு பேரு வச்சிருக்காங்க.

"அப்பா, இது முயல் வேட்டை நாய்ப்பா. இங்கிலாந்துல இதுக்குன்னே வளர்த்தது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பிஸ்கட் தின்னுக்கிட்டு கட்டில்ல படுத்திருக்கிற நாயாவது முயலைப் பிடிக்கிறதாவதுன்னு சொல்லிட்டேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியக்காலையில எல்லாரும் கடலைக் கொல்லைக்குப் போனோம். மார்கழியில விதைச்ச கடலை. தளிரு நாலு எலை விட்டிருக்கும்போதே வரப்போரம் வரிசையா நறுக்கி வச்சிருந்துச்சு முயல். பனி நல்லா இறங்கியிருந்த நேரம். டோரா வரப்புல இறங்கினதும் மூக்கைத் தரையில வச்சது, எடுக்கவே இல்லை. போன வழியே திரும்பி வந்துச்சு, ஒரு இடத்துல சுத்துச்சு, மறுபடியும் போச்சு. கால் மணி நேரம் கழிச்சு வடலிப் பனைகிட்ட நின்னு ஒரு குரல் கொடுத்துச்சு பாருங்க, நாய் குலைக்கிற சத்தம் மாதிரியே இல்லை, ஊளையும் பாட்டும் கலந்த மாதிரி. அடுத்த நொடி வடலிக்கு அடியிலிருந்து முயல் எகிறிக் குதிச்சு ஓடுச்சு. என் பக்கத்துல நின்ன எங்க செவலை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் என்ன ஆச்சுங்கிறதைக் கடைசியில சொல்றேன்.

ராத்திரி சாப்பிடும்போது மகன் கேட்டான்: "செவலை தினமும் அந்தக் கொல்லையிலதானே கிடக்கான். டோரா கண்டுபிடிச்சதை அவன் ஏன் கண்டுபிடிக்கலை?" நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லணும்னா ரொம்ப தூரம் பின்னால போகணும்.

முயல் விஷயத்துல நாய்க்கு மூணு வேலை இருக்கு. ஒண்ணு, எங்க படுத்திருக்குன்னு கண்டுபிடிக்கிறது. ரெண்டு, அதைப் படுக்கையிலிருந்து கிளப்புறது. மூணு, ஓடுறதை விரட்டிப் பிடிக்கிறது. மூணையும் ஒரே நாய் செய்யுறது அபூர்வம். முதல் ரெண்டுக்கு மூக்கும் பொறுமையும் வேணும். மூணாவதுக்குக் கண்ணும் காலும் வேணும்.

முதல்ல நம்ம முயலைப் பத்திச் சொல்லணும். பட்டணத்துல கூண்டுக்குள்ள வளர்க்கிற வெள்ளை முயல் வேற, காட்டு முயல் வேற. கூண்டு முயலோட இனம் வளை தோண்டி, கூட்டமா வாழும். அதோட குட்டி முடி இல்லாம, கண் திறக்காம பிறக்கும். நம்ம காட்டு முயல் வளை தோண்டாது. பிடரியில கறுப்பு முடி இருக்கும். புல்லுக்கோ புதருக்கோ அடியில உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம் பண்ணி அதுல ஒடுங்கிப் படுக்கும். குட்டி பிறக்கும்போதே முடியோட, கண் திறந்து பிறக்கும். ஒளிய வளை இல்லாததால அதுக்கு ரெண்டே வழிதான். அசையாம கிடக்கணும், இல்லைன்னா ஓடணும். மிதிக்கிற தூரத்துக்குப் போனாலும் கிளம்பாது. கண்ணு தலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கிறதால பின்னால வர்றதையும் பார்த்துக்கிட்டே படுத்திருக்கும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. படுக்கைக்கு நேரா போகாது. வந்த தடத்துலேயே திரும்பிப் போய், அங்கேயிருந்து பக்கவாட்டுல ஒரே தாவாத் தாவிப் போய்ப் படுக்கும். தடம் மோந்து வர்ற நாய், தடம் அறுந்து போன இடத்துல முழிக்கும். டோரா ஒரே இடத்துல சுத்திச் சுத்தி வந்துச்சே, அது இதுக்குத்தான். அவசரக்கார நாய் அந்த இடத்துல விட்டுட்டுப் போயிடும். நல்ல நாய் திரும்பி வந்து, தாவின தடத்தைத் தேடி எடுக்கும். பீகிளோட பெருமை முழுக்க இதுலதான் இருக்கு.

இப்போ நாம பார்க்கிற பீகிள் 1830-கள்ல இங்கிலாந்துல எஸ்ஸெக்ஸ் பக்கம் ஹனிவுட்ங்கிற ஒரு பாதிரியார் சேர்த்து வளர்த்த கூட்டத்திலிருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. குதிரையில போகாம நடந்தே வேட்டைக்குப் போறவங்களுக்கு ஏத்த நாய் அது. முயல் தன் எல்லையை விட்டு ரொம்ப தூரம் போகாது, வட்டம் போட்டுக் கிளம்பின இடத்துக்கே வரப் பார்க்கும். அதனால வேகமான நாய் தேவையில்லை. மெதுவா, விடாம, குரல் கொடுத்துக்கிட்டே பின்னால போனா போதும். குரலைக் கேட்டு வேட்டைக்காரன் நாய் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்குவான். அடர்ந்த புல்லுக்குள்ள அந்த வெள்ளை வால் நுனி அடையாளம் காட்டும்.

ஆனா மூக்கு வேலை செய்ய ஒரு துணை வேணும். அது ஈரம். ஈரத் தரையிலயும் குளிர்ந்த காத்துலயும் வாடை நிக்கும். காய்ஞ்ச தரையில வெயில் ஏறினா வாடை பறந்துடும், நாயோட மூக்கும் காய்ஞ்சுடும். 19-ஆம் நூற்றாண்டுல வெள்ளைக்காரங்க சீமையிலிருந்து மோப்ப நாய்களைக் கப்பல்ல கொண்டாந்து, நம்ம ஊர்ல நரி வேட்டை நடத்தினாங்க. அது நிலைச்சு நின்ன இடம் உதகமண்டலம். குளிரும் புல்வெளியும் இருக்கிற ஊராச்சே. நம்ம செம்மண் பொட்டல்ல வைகாசி வெயில்ல அந்த நாயை விட்டிருந்தா, பத்து மணிக்கே நாக்கைத் தொங்கப் போட்டு நிழல் தேடியிருக்கும்.

அப்ப நம்ம ஆளுங்க என்ன செஞ்சாங்க? சங்க காலத்து பெரும்பாணாற்றுப்படையில எயினர்கள் முயல் பிடிக்கிற காட்சி இருக்கு. நாய்களை விட்டுப் புதரைக் கலைச்சு, வேலி போல வலையைக் கட்டி, ஓடி வர்ற முயலை வளைச்சுப் பிடிச்சுக் கூடித் தின்கிறாங்க. கவனிச்சுப் பாருங்க, அங்க நாயோட வேலை கிளப்புறது மட்டுந்தான். பிடிக்கிறது வலை. அது புதர்க்காட்டு வேட்டை. புதர்க்காட்டுல கால் வேகம் உதவாது.

நம்ம பக்கமும் ஒரு காலத்துல காடுதான். 1801-ல கும்பினிப் படை மருது சகோதரர்களைப் பிடிக்க, சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி போடப் பார்த்துச்சு. ஒரு மாசத்துக்கு மேல வெட்டியும் முடியாம திரும்பிப் போச்சு. அப்படிப்பட்ட அடர்த்தி. இன்னைக்கு அந்த வழியில பஸ்ஸுல போனா தைல மரமும் சீமைக்கருவேலும் பொட்டலுந்தான் தெரியும்.

தெக்கே கரிசல் சீமை அப்படி இல்லை. கண்ணுக்கு எட்டுன தூரம் வெட்டவெளி. அங்க மோந்து கண்டுபிடிக்கிறதை விட, கிளம்பினதைப் பார்த்து ஓடிப் பிடிக்கிற நாய்க்குத்தான் மதிப்பு. சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் அந்த மண்ணு வளர்த்த நாய்ங்க. ரெண்டடி உயரம், ஆழமான நெஞ்சு, ஒட்டின வயிறு, நீண்ட மூஞ்சி, உடம்புல ஒரு பிடிச் சதை அதிகம் இருக்காது. அதுங்க சத்தம் போடாம ஓடும். குலைச்சுக்கிட்டு ஓடினா மூச்சு வீணாகும்ல.

பாஞ்சாலங்குறிச்சிக் கதை உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். கட்டபொம்மனோட முன்னோர் வேட்டைக்குப் போனப்ப, ஒரு இடத்துல முயல் திரும்பி நின்னு நாய்களை விரட்டுச்சாம். இது வீரம் விளையுற மண்ணுன்னு அங்கேயே கோட்டை கட்டினாங்கன்னு சொல்லுவாங்க. துங்கபத்திரைக் கரையில விஜயநகரம் உண்டானதுக்கும் இதே கதை உண்டு. நடந்துச்சோ இல்லையோ, கதை நமக்கு ஒண்ணு சொல்லுது. முயலும் நாயும் ஜனங்க தினமும் பார்த்த விஷயம். முயல்தான் ஓடணும், நாய்தான் விரட்டணும்ங்கிறது அவ்வளவு உறுதியா மனசுல இருந்ததாலதான், அது தலைகீழானப்போ அதிசயமாச்சு.

நாயை மதிச்ச ஜனங்கதான் நாம. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒண்ணு இருக்கு. மகேந்திரவர்மனோட 34-ஆம் ஆட்சியாண்டு. செத்துப்போன வீரனோட அவன் நாயையும் செதுக்கி, கோவிவன்னு அதோட பேரையும் வெட்டி வச்சிருக்காங்க. ரெண்டு கள்ளனைக் கடிச்ச நாய் அது. ராஜா பேரு வர்ற அதே கல்லுல ஒரு நாய்க்கும் இடம் கொடுத்திருக்காங்க.

எங்க சிவகங்கைச் சீமை காட்டுக்கும் கரிசலுக்கும் நடுவுல கிடக்கிற பூமி. கண்மாய்க்கரைப் புதரும் உண்டு, பொட்டலும் உண்டு. அதனால எங்க அய்யா ரெண்டு நாய் வச்சிருந்தாரு. ஒண்ணு சாதாரண நாட்டு நாய். குட்டை, காது மடிஞ்சு இருக்கும், பார்க்க ஒண்ணுமில்லை. அதுதான் புதர் புதரா மோந்து கிளப்பும். இன்னொண்ணு சிப்பிப்பாறைக் கலப்பு. அது வெளியில நின்னு பார்த்துக்கிட்டே இருக்கும். பனி காயுறதுக்குள்ள வேட்டையை முடிச்சுடுவாரு. "வெயிலு வந்தா மூக்கு செத்துடும்டா" என்பாரு. குட்டி எடுக்கும்போது அவர் பண்ற சோதனை ஒண்ணு உண்டு. கருவாட்டுத் துண்டை மண்ணுல இழுத்துட்டுப் போய் ஒரு ஓட்டுக்கு அடியில வைப்பாரு. நேரா ஓடி வந்து ஏமாந்து திரும்புற குட்டி வேண்டாம். தடம் மாறின இடத்துல நின்னு யோசிக்கிற குட்டி போதும். மகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். செவலை அந்தச் சிப்பிப்பாறை வழியில வந்தவன். அவன் பார்க்கிறதுக்குப் பிறந்தவன், மோக்குறதுக்கு இல்லை.

இனி சங்கடமான பகுதி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துடுச்சு. முயலைப் பிடிச்சாலும் குத்தம்தான். எங்க ஊருக்கு அந்தச் சட்டம் வந்து சேர ரொம்ப வருஷமாச்சு. நான் சின்னப் பையனா இருந்தப்ப முயல் கறி தின்னிருக்கேன், மறைக்கலை. எங்க பக்கம் மாசி சிவராத்திரி முடிஞ்சு பாரிவேட்டைன்னு ஊரோட கிளம்புற பழக்கம் உண்டு. சாமிக்கு நேர்ந்த வேட்டை, பிடிச்சதை எல்லா வீட்டுக்கும் பங்கு வைப்பாங்க. இப்பவும் சில ஊர்ல ஒளிவு மறைவா நடக்குது, வனத்துறை பிடிச்சுத் தண்டமும் போடுது.

போன வருஷம் சிவராத்திரிக்கு மச்சான் வந்து செவலையைக் கேட்டாரு. இல்லைன்னேன். "சாமி காரியத்துக்கு நாய் தர மாட்டியா? உங்கய்யா இருந்தா இப்படிச் சொல்லுவாரா?" என்றாரு. சொல்லியிருக்க மாட்டாரு, அது உண்மை. ஆனா அய்யா காலத்துல ஒரு காலையில எட்டு முயல் கிளம்பும். இப்ப எட்டு நாள் நடந்தா ஒண்ணு தெரியும். எங்க மாவட்டத்துலேயே வேட்டங்குடி இருக்கு. பறவைகள் மிரளக்கூடாதுன்னு கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்லை. 1977-லிருந்து அது சரணாலயம். அவங்களுக்கும் சாமி உண்டு, பண்டிகை உண்டு. இதைச் சொன்னேன். மச்சான் எந்திரிச்சுப் போனவர்தான், இந்தப் பொங்கலுக்கும் வீட்டுப் பக்கம் வரலை. அக்கா மட்டும் கரும்பு கொடுத்து விட்டுச்சு.

சரி, அன்னைக்குக் கொல்லையில நடந்ததுக்கு வர்றேன். முயல் கிளம்பினதும் செவலை அம்பு மாதிரி போனான். நாப்பது, அம்பது தப்படி தூரத்துல முயலை நெருங்கிட்டான். சத்தியமாச் சொல்றேன், ஒரு நொடி என் நெஞ்சு அவன்கூடத்தான் ஓடுச்சு. பிடிச்சுடுடான்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆனா வாயில வந்தது, "செவலை, வாடா!" முதல் குரலுக்குத் திரும்பலை. ரெண்டாவது குரலுக்குக் காது மட்டும் திரும்பிச்சு. மூணாவதுக்கு வேலி ஓரத்துல நின்னுட்டான். முயல் கருவேலங்காட்டுக்குள்ள போயிடுச்சு. அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் வந்து என் காலடியில படுத்தான், என்னைப் பார்க்கவே இல்லை.

கண்டுபிடிக்க மூக்கு, பிடிக்கக் காலுன்னு அய்யா நாய் பார்த்தாரு. கூப்பிட்டா திரும்புற காதையும் நான் சேர்த்துப் பார்க்கிறேன். ரெண்டு வருஷம் பழக்கினதுக்கு அன்னைக்குத்தான் பலன் தெரிஞ்சுச்சு. கடலைக்கு என்ன வழின்னு கேட்பீங்க. விடியக்காலையில செவலையோட வரப்பைச் சுத்தி ஒரு நடை நடக்கிறேன். நாய் வாடை இருந்தா முயல் ரெண்டு நாள் எட்டிப் பார்க்காது. மூணாம் நாள் வரும். வந்துட்டுப் போகட்டும், ஓரத்து ரெண்டு வரிசை அதுக்குன்னு கணக்குல எழுதிட்டேன்.

டோரா சென்னைக்குப் போயிடுச்சு. போகும்போது காருக்குள்ளேயிருந்து மூக்கை மட்டும் ஜன்னல்ல வச்சிருந்துச்சு. உங்க வீட்டிலயும் பீகிள் இருந்தா, காலையில பனி இருக்கும்போது கயிற்றோட புல்லுத் தரைக்குக் கூட்டிட்டுப் போங்க. மோந்துக்கிட்டு நிக்குதேன்னு வெடுக்குன்னு இழுக்காதீங்க. அது தன் வேலையைச் செய்யுது.