கூகுள் தேடலில் உங்க வலைப்பதிவு முன்னால் வரணுமா? பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

அனுப்பம்பட்டு, பழவேற்காடு பக்கம் இருந்து ஏரி, மீன்பிடிப்பு பற்றி வலைப்பதிவு எழுதுறீங்களா? 'கூகுளில் முதலிடம் கேரண்டி' என்று யாராவது பணம் கேட்டால் உஷார்! அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது என்கிறது கூகுள் நிறுவனமே.

அப்போ என்ன செய்யலாம்?

தலைப்பு: மக்கள் தேடும் சொல்லையே வைங்க. ஒரே ஊரைச் சிலர் 'பழவேற்காடு' என்றும், சிலர் 'புலிகாட்' என்றும் தேடுவார்கள். பதிவில் இரண்டு பெயரும் இயல்பாக வரட்டும்.

விவரம்: குளிர்காலத்தில் பூநாரைகள் எங்கே கூடும், பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி எப்படிப் போவது என்பது போல, உள்ளூர்க்காரருக்குத் தெரிந்த பதில்களை எழுதுங்க.

தொடர்பு: 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி, பலரின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிப் புதியவர்களுக்கும் வாசகர்களைத் தந்தது. இன்றும் பறவை ஆர்வலர்கள், வரலாறு எழுதுபவர்களோடு பழகுங்க. அவர்கள் தங்கள் பக்கத்தில் உங்கள் பதிவுக்கு லிங்க் கொடுத்தால், கூகுளுக்கு அது நற்சான்று. காசுக்கு வாங்கிய லிங்க் என்றால், தேடலில் பின்னுக்குத் தள்ளப்படலாம்.

கண்காணிப்பு: எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதை கூகுளின் 'சர்ச் கன்சோல்' இலவசமாகவே காட்டும்.

பலன் தெரிய சில மாதங்கள் ஆகலாம். அதுவரை எழுதுவதை நிறுத்தாதீங்க.