புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி வரலாற்றின் முக்கியத் தருணங்கள்

புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்பது அமெரிக்காவின் நியூயார்க் நகரிலுள்ள புரூக்ளின் பகுதியில் 1883 முதல் 1957 வரை இயங்கிய தொழில்முறை பேஸ்பால் அணி ஆகும். இன்று லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் என்ற பெயரில் ஆடுவது இதே அணிதான். புரூக்ளினில் இருந்த காலத்தில் இந்த அணி ஒரே ஒரு முறை மட்டுமே உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டித் தொடரை வென்றது. ஆயினும் நிறவெறியால் மூடிக் கிடந்த விளையாட்டு ஒன்றின் கதவை 1947இல் திறந்த அணி என்பதால், அமெரிக்க சமூக வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு.

பெயரும் மைதானமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புரூக்ளின் தெருக்களில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. அவற்றில் அடிபடாமல் விலகி ஓடி நடமாட வேண்டியிருந்த அப்பகுதி மக்களை ‘டிராலி டாட்ஜர்ஸ்’ என்று கேலியாக அழைத்தனர். அந்தக் கேலிப் பெயரே நாளடைவில் அணியின் பெயராயிற்று. அணி உரிமையாளர் சார்லஸ் எபெட்ஸ் கட்டிய எபெட்ஸ் ஃபீல்ட் மைதானம் 1913இல் திறக்கப்பட்டது. யூத, இத்தாலிய, ஐரிஷ், கறுப்பினக் குடும்பங்கள் அருகருகே வாழ்ந்த புரூக்ளினில், எல்லோருக்கும் பொதுவாக இருந்தவற்றுள் இந்த அணியும் ஒன்று. ஆடுகளத்தை ஒட்டியே இருக்கைகள் இருந்ததால், பார்வையாளர் கூச்சலிடுவது வீரர்களின் காதில் தெளிவாக விழும். 1939 ஆகஸ்ட் 26 அன்று முதன்முதலாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பெருங்குழு பேஸ்பால் ஆட்டம் நடந்ததும் இங்கேதான்.

நழுவிய பந்து (1941)

பேஸ்பாலில் ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ் உண்டு. மூன்று பேர் ஆட்டமிழந்தால் ஓர் இன்னிங்ஸ் முடியும். மட்டைவீரர் மூன்று பந்துகளைத் தவறவிட்டால் ஆட்டமிழப்பார். ஆனால், கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போல மட்டைவீரருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் கேட்சர் அந்த மூன்றாவது பந்தைப் பிடிக்கத் தவறினால், முதல் தளம் காலியாக இருக்கும்போதும், இருவர் ஏற்கெனவே ஆட்டமிழந்திருக்கும்போதும், மட்டைவீரர் முதல் தளத்துக்கு ஓடலாம்.

1941 உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் இந்த விதி டாட்ஜர்ஸுக்கு எதிராகத் திரும்பியது. அதே நகரின் வலிமைமிக்க நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிராக டாட்ஜர்ஸ் 4–3 என முன்னிலையில் இருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் இருவர் ஆட்டமிழந்துவிட்டனர். யாங்கீஸ் வீரர் டாமி ஹென்ரிக் மூன்றாவது பந்தையும் தவறவிட்டார். ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் கேட்சர் மிக்கி ஓவனின் கையுறையில் சிக்காமல் பந்து பின்னால் உருண்டது; ஹென்ரிக் முதல் தளத்தை அடைந்தார். அதன்பின் யாங்கீஸ் நான்கு ஓட்டங்கள் எடுத்து 7–4 என வென்றது. மறுநாள் தொடரும் கைவிட்டுப் போனது. ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்பது புரூக்ளின் ரசிகர்களின் வாடிக்கையான ஆறுதல் மொழியாக நிலைத்தது.

நிறத்தடை உடைந்த நாள் (1947)

1880களுக்குப் பின் பெருங்குழுப் போட்டிகளில் கறுப்பின வீரர் எவரும் சேர்க்கப்படவில்லை. எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. உரிமையாளர்களிடையே நிலவிய உடன்பாடே அதற்குப் போதுமானதாக இருந்தது. கறுப்பின வீரர்கள் தனிக் குழுக்களில், குறைந்த ஊதியத்துக்கு ஆடிவந்தனர்.

டாட்ஜர்ஸ் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி இதை மாற்ற முடிவு செய்தார். இதில் கொள்கையும் இருந்தது, வணிகக் கணக்கும் இருந்தது. பிற அணிகள் ஒதுக்கிய திறமையாளர்களை முதலில் சேர்க்கும் அணிக்கு வெற்றியும் புதிய பார்வையாளர்களும் கிடைப்பர் என்பதை அவர் அறிந்திருந்தார். 1945 ஆகஸ்டில் அவர் ஜாக்கி ராபின்சனை அழைத்துப் பேசினார். ராபின்சன் ராணுவ அதிகாரியாக இருந்தவர். 1944இல் பேருந்தின் பின்பகுதிக்குப் போக மறுத்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவர். அப்படிப்பட்டவரிடம், எவ்வளவு இழிவுபடுத்தினாலும் பதிலடி தரக் கூடாது என்று ரிக்கி கேட்டுக்கொண்டார். ராபின்சன் அதற்கு இசைந்தார்.

ஓராண்டு மாண்ட்ரியால் கிளை அணியில் ஆடிய பின், 1947 ஏப்ரல் 15 அன்று அவர் எபெட்ஸ் ஃபீல்டில் களமிறங்கினார். பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தை 25,000க்கும் மேற்பட்டோர் கண்டனர். மட்டையால் அவர் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. ஒரே ஓர் ஓட்டம் எடுத்தார். டாட்ஜர்ஸ் 5–3 என வென்றது. பதிவேட்டில் சாதாரணமாகத் தோன்றும் அந்த ஆட்டமே அணியின் வரலாற்றில் மிக முக்கியமானது.

அடுத்து வந்த மாதங்கள் கடினமானவை. அவருடன் ஆட விரும்பாத சக வீரர்கள் சிலர் பருவம் தொடங்குமுன்பே மனு ஒன்றைச் சுற்றுக்கு விட முயன்றனர். அணி நிர்வாகம் அதை அடக்கியது. பிலடெல்பியா அணியின் மேலாளர் பென் சாப்மன் களத்தின் ஓரத்திலிருந்து இனவெறி வசைகளைப் பொழிந்தார். ராபின்சன் வாக்குத் தவறாமல் பொறுத்துக்கொண்டார். அந்த வசைகளே சக வீரர்களை அவர் பக்கம் திருப்பின. அந்தப் பருவத்தில் 29 முறை தளங்களைத் திருடி, அவ்வாண்டுதான் நிறுவப்பட்ட சிறந்த புதுமுக வீரர் விருதை அவர் பெற்றார். 1949இல் தேசியக் குழுவின் மிக மதிப்புமிக்க வீரரானார்.

ராய் கம்பனெல்லா, டான் நியூகோம்ப் ஆகிய கறுப்பின வீரர்களும் தொடர்ந்து அணியில் இணைந்தனர். அமெரிக்க ராணுவத்தில் இனப் பாகுபாட்டை நீக்கும் ஆணை 1948இலும், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1954இலும்தான் வந்தன. எல்லா அணிகளிலும் கறுப்பின வீரர் ஒருவரேனும் இடம்பெற 1959 வரை ஆயிற்று.

பறிபோன முன்னிலை (1951)

1951 ஆகஸ்டில் டாட்ஜர்ஸ், தன் உள்ளூர்ப் போட்டியாளரான நியூயார்க் ஜயண்ட்ஸைவிட 13 ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. ஜயண்ட்ஸ் விடாமல் வென்று பருவ இறுதியில் சமநிலைக்கு வந்தது. முடிவு காண மூன்று ஆட்டத் தொடர் நடந்தது. அக்டோபர் 3 அன்று நடந்த மூன்றாவது ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது டாட்ஜர்ஸ் 4–1 என முன்னிலையில் இருந்தது. ஜயண்ட்ஸ் ஓர் ஓட்டம் எடுத்து, தளங்களில் இருவரை நிறுத்தியபோது, பந்தெறிய ரால்ஃப் பிராங்கா அனுப்பப்பட்டார். அவருடைய இரண்டாவது பந்தை பாபி தாம்சன் இடப்புறப் பார்வையாளர் பகுதிக்குள் அடித்தார். மூன்று ஓட்டங்கள் சேர, ஜயண்ட்ஸ் 5–4 என வென்றது.

அந்த ஒரு பந்து பிராங்காவின் பெயருடன் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பருவத்தில் ஜயண்ட்ஸ் அணியினர் தங்கள் மைதானத்தில் தொலைநோக்கி வைத்து எதிரணி கேட்சரின் சைகைகளை அறிந்துவந்தனர் என்ற செய்தி, அரை நூற்றாண்டு கழித்து 2001இல் ஆதாரங்களுடன் வெளியானது.

ஒரே வெற்றி (1955)

1955க்குள் டாட்ஜர்ஸ் ஏழு முறை உலகத் தொடரில் தோற்றிருந்தது; அவற்றில் கடைசி ஐந்தும் யாங்கீஸிடம். அவ்வாண்டும் எதிரணி யாங்கீஸ்தான். முதல் இரண்டு ஆட்டங்களிலும் டாட்ஜர்ஸ் தோற்றது. மூன்றாவது ஆட்டத்தில், அன்று 23ஆவது பிறந்தநாள் கொண்டாடிய பந்தெறி வீரர் ஜானி பாட்ரஸ் அணியை மீட்டார். தொடர் 3–3 எனச் சமமாகி, அக்டோபர் 4 அன்று ஏழாவது ஆட்டத்தில் அவரே மீண்டும் பந்தெறிந்தார்.

டாட்ஜர்ஸ் 2–0 என முன்னிலை பெற்றிருந்த ஆறாவது இன்னிங்ஸில், யாங்கீஸ் வீரர்கள் இருவர் தளங்களில் இருக்க, யோகி பெர்ரா அடித்த பந்து இடப்புற எல்லைக்கோட்டின் மூலையை நோக்கிச் சென்றது. அந்த இன்னிங்ஸில்தான் மாற்று வீரராக வந்திருந்த கியூபாவைச் சேர்ந்த சாண்டி அமோரோஸ் நெடுந்தூரம் ஓடி அதைப் பிடித்தார். அவர் இடக்கையால் எறிபவர் என்பதால் கையுறை வலக்கையில் இருந்தது. அதனால்தான் மூலையில் விழவிருந்த பந்து அவருக்கு எட்டியது. உடனே பந்தைத் திருப்பி எறிந்து, தளத்தைவிட்டு ஓடிவிட்ட மற்றொரு வீரரையும் ஆட்டமிழக்கச் செய்ய வழிவகுத்தார். ஆட்டம் 2–0 என்றே முடிந்தது. முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்றபின் ஏழு ஆட்டத் தொடர் ஒன்றை வென்ற முதல் அணியாக டாட்ஜர்ஸ் ஆனது. அன்றிரவு புரூக்ளின் தெருக்களில் மக்கள் திரண்டு கொண்டாடினர்.

வெளியேற்றம் (1957)

அந்த மகிழ்ச்சி இரண்டே ஆண்டுகள் நீடித்தது. 1947இல் 18 லட்சமாக இருந்த பார்வையாளர் எண்ணிக்கை, 1957இல் 10 லட்சத்தைச் சற்றே தாண்டியது. ரசிகர்கள் பலர் புறநகருக்குக் குடிபெயர்ந்து காரில் வரத் தொடங்கினர். மைதானத்திலோ சுமார் 700 கார்களை நிறுத்தவே இடம் இருந்தது. உரிமையாளர் வால்டர் ஓமாலி, புரூக்ளினிலேயே ஃபிளாட்புஷ், அட்லாண்டிக் சாலைகள் சந்திக்கும் இடத்தில் சொந்தச் செலவில் புதிய மைதானம் கட்ட விரும்பினார். நிலத்தை மாநகரம் கையகப்படுத்தித் தர வேண்டும் என்று கேட்டார். நகரத் திட்டமிடலில் பெரும் அதிகாரம் கொண்டிருந்த ராபர்ட் மோசஸ், தனியார் மைதானத்துக்கு அவ்வாறு நிலம் எடுக்க இயலாது என்று மறுத்து, குயீன்ஸ் பகுதியில் மாற்றிடம் காட்டினார். இருவரும் இறங்கிவரவில்லை.

1957 செப்டம்பர் 24 அன்று எபெட்ஸ் ஃபீல்டில் நடந்த கடைசி ஆட்டத்தைக் காண வந்தவர்கள் 6,702 பேர் மட்டுமே. அக்டோபரில் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறுவதாக அறிவிக்கப்பட்டது. அங்கே அணிக்குக் கிடைத்த சாவேஸ் ரவீன் நிலமும் காலியான நிலமாக எப்போதும் இருந்ததல்ல. அங்கு வாழ்ந்த மெக்சிக்க அமெரிக்கக் குடும்பங்கள், பொதுக் குடியிருப்புத் திட்டத்தின் பெயரால் முன்னரே அப்புறப்படுத்தப்பட்டிருந்தன. அத்திட்டம் கைவிடப்பட்ட பின் நிலம் மைதானத்துக்குப் போயிற்று. எஞ்சியிருந்த குடும்பங்கள் 1959இல் வெளியேற்றப்பட்டன.

பிற்காலம்

எபெட்ஸ் ஃபீல்ட் 1960இல் இடிக்கப்பட்டது. இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் உள்ளன. ராபின்சன் 1962இல் பேஸ்பால் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டு, 1972இல் மறைந்தார். 1997இல் அவருடைய 42ஆம் எண், எல்லா அணிகளிலும் இனி எவருக்கும் வழங்கப்படாது என அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று மட்டும் அனைத்து வீரர்களும் அந்த எண்ணை அணிந்து ஆடுகின்றனர். 1955இன் வெற்றியைப் புரூக்ளின் மட்டுமே கொண்டாடியது. 1947இல் நடந்த அந்தச் சாதாரண ஆட்டத்தின் நாளையோ இன்று எல்லா அணிகளும் நினைவுகூர்கின்றன.