நாஞ்சில் நாட்டில் வயலும் கடலும்: அரசுத் துணையின் வரலாறு

மலையும் காடும் வயலும் கடலும் சில கல் தொலைவிற்குள் அடுத்தடுத்து அமைந்தது குமரி மாவட்டம். திணைப் பகுப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வாய்த்தல் அரிது. இந்நிலத்து மக்களுக்கு அரசு யாங்ஙனம் துணை நின்றது என நோக்குங்கால், மருதம் முந்தியும் நெய்தல் பிந்தியும் பயன் பெற்றமை புலனாகின்றது. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

நாஞ்சில் நாட்டின் செல்வம் நெல். கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளைவிக்கப் பழையாற்று நீர் ஒன்றே போதாது. ஆதலின் பறளியாற்று நீரைப் பாண்டியன் கால் வழியே பழையாற்றிற்குத் திருப்பினர் முன்னோர். கால்வாயின் பெயரே அதன் தொன்மையைச் சுட்டி நிற்கின்றது. பின்னர், திருவிதாங்கூரில் மூலம் திருநாள் ஆட்சி செய்த காலத்தில், கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை எழுந்தது. 1897-இல் தொடங்கிய பணி 1906-இல் முடிவுற்றது. அதனைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அவ்வணையருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். பெருஞ்சாணி அணை 1950-களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. மாத்தூர்த் தொட்டிப்பாலம் 1966 முதல் பள்ளத்தாக்கின் மேலே நீரைச் சுமந்து விளவங்கோட்டுப் பகுதிக்குச் செல்கின்றது. திருப்பதிசாரத்து நெல் ஆராய்ச்சி நிலையம் புதிய நெல் வகைகளை வழங்கியுள்ளது. அரசின் கருணை ஒன்றே இவற்றிற்குக் காரணம் என்று கொள்ளல் பொருந்தாது. நன்செய் விளைந்தால் நிலவரி பெருகும். கடலை அளந்து நிலவரி விதித்தல் இயலாது. இதுவே நெய்தல் பிந்தியமைக்கு முதற்காரணம் என்பது நம் கருத்து.

கால்நடையைப் பற்றி ஒன்றே கூறி அமைவோம். உழவர்தம் எருதுகளை ஊர்தோறும் மாய்த்த வெக்கை நோய், மருத்துவர்கள் பல்லாண்டு இட்ட தடுப்பூசியால் குன்றி, 2011-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பெற்றது.

இனிக் கடற்கரை. 'துறை' என்னும் சொல் முன்னாளில் நீரில் இறங்கும் இடத்தையும் பாடற் பகுப்பையும் குறித்தது. அரசு அலுவற் பிரிவைக் குறித்தது பிற்கால வழக்கே. நெய்தல் மாக்களுக்கு முதற்பொருளில் துறை பண்டே உண்டு. இறுதிப் பொருளில் வந்த துறைதான் காலந் தாழ்த்தது. சென்னை மாகாணத்தில் 1907-இல் மீன்துறை தோன்றியது. நிக்கல்சன் அதன் முன்னோடி. ஆயினும் குமரிக் கரை அப்பொழுது திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. 1952-இல் உடன்பாடு கண்ட இந்திய-நார்வே மீன்பிடித் திட்டம், அன்று குமரியையும் உள்ளடக்கிய திருவிதாங்கூர்-கொச்சி நாட்டிலேயே நடைபெற்றது. ஆனால் அதன் பொறிப்படகுகளும் பனிக்கட்டி ஆலையும் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் அமைந்தன. 1956 நவம்பர் 1-இல் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்த பின்னரே இக்கரை சென்னை மீன்துறையின்கீழ் வந்தது. குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் முதலிய துறைமுகங்கள் அதன் பின்னர் எழுந்தவை.

இன்று மீன் இனப்பெருக்கத்தின் பொருட்டு விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் விதிக்கப்படுகின்றது. குமரிமுனையின் கிழக்குக் கரையில் அது ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை. மேற்குக் கரையில் சூன் 1 முதல் சூலை 31 வரை. ஒரே மாவட்டத்தினர் இருவேறு விதிக்கு உட்படுகின்றனர். பேச்சிப்பாறை அணையைக் கன்னிப்பூப் பாசனத்திற்கு வழக்கமாகத் திறக்கும் நாளும் சூன் 1 ஆகும். தென்மேற்குப் பருவம் தொடங்கும் அந்நாளில் உழவர்க்கு மதகு திறக்க, மேற்குக் கரை விசைப்படகினர்க்குக் கடல் அடைபடுகின்றது. தடைக்காலத்திற்கு அரசு உதவித்தொகை வழங்கினும், பாசன நீர்போல் அது ஒரு தொழிலை நடத்த உதவுவதன்று; தொழில் நில்லாத நாட்களைக் கடக்க உதவுவது. இவ்வேறுபாட்டை ஆய்வாளர் மறத்தலாகாது.

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வீசியபொழுது, தூத்தூர் முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலர் பன்னாட்களாகக் கடலில் இருந்தனர். கரையில் வெளியிட்ட எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. மாண்டவரும் மீளாதவரும் பலர். செயற்கைக்கோள் வழிச் செய்தி பெறும் கருவிகளை மீன்துறை ஆழ்கடற் படகுகளுக்கு வழங்கியது அதன் பின்னரே.