பம்பாய் இரத்தம்

மான்குர்த்தில் வாழும் நாம், ‘ஓ’ இரத்தம் யாவர்க்கும் பொருந்தும் என்றே எண்ணியிருக்கிறோம். அதற்கு விலக்குக் காட்டியது நம் நகரமே!

இரத்த வகைகளை லாண்ட்ஸ்டைனர் 1901இல் வெளியிட்டார். ரீசஸ் கூறு 1940இல் தெரிந்தது. 1952இல் பம்பாய் மருத்துவர் பேண்டேயும் துணைவரும், ‘ஓ’ இரத்தமும் ஏலாத மாந்தரை இங்குக் கண்டு லான்செட் இதழில் எழுதினர். ஏ, பி இரண்டுக்கும் அடிப்படையான ‘எச்’ பொருள் அவர்தம் சிவப்பணுக்களில் இல்லை; ‘ஓ’ இரத்தத்திலோ அது நிரம்ப உண்டு. ஆகவே உடல் அதனைப் பகையெனக் கொண்டு அழிக்கும், உயிர்க்கே இடர். ரீசஸ் ஒத்திருந்தும் பயனில்லை.

மேலோட்டமான சோதனையில் இவர்களும் ‘ஓ’ என்றே தோன்றுவதுதான் கொடுமை. சீரத்தை ‘ஓ’ அணுக்களோடு சேர்த்துப் பார்த்தாலே உண்மை புலப்படும். (நகரம் 1995இல் மும்பையாயிற்று, இரத்தம் மட்டும் இன்னும் ‘பம்பாய்’தான்!)

உறவுக்குள் மணம்புரியும் குடும்பங்களில் இது மிகுதி. மாமன் மகளை மணக்கும் வழக்கமுடைய நம்மில் ஒருவர் இவ்வகையினராயின், உடன்பிறந்தாரையும் சோதித்தல் வேண்டும். கொடுக்கத் தக்கவர் அவர்களுள் இருக்கக்கூடும்.