ஹெரால்டு கிளட்ச்சும் ஒரு மெக்கானிக்கின் இருமலும்

1/ கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறினவங்களுக்கு, வெள்ளிமலை போறதுக்குள்ள கிளட்ச் கருகுற வாசனை ஒரு தடவையாவது வந்திருக்கும். அந்த வாசனையிலேயே 40 வருஷம் வாழ்ந்த ஒரு மெக்கானிக் பெரியவர் இருமலோட ஓபிக்கு வந்தார்.

2/ "ஹெரால்டு கிளட்ச்சே இறக்கியிருக்கேன் டாக்டர்"னார். பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஏன்னு சொல்றேன்.

3/ ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம சென்னை வண்டி. 1961-ல இருந்து வண்டலூர் பக்கம் தயாரானது. மூலம், பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டு. அதே சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962-ல ஸ்பிட்ஃபயர்னு ஸ்போர்ட்ஸ் கார் விட்டாங்க.

4/ ரெண்டுலயும் ஒரு விசித்திரம்: கிளட்ச் மாத்த கியர்பாக்ஸை காருக்கு உள்ள இருந்தே கழட்டணும். சீட்டை எடுத்து, நடுவுல இருக்குற கவரைப் பிரிச்சு, ஷாஃப்டை விடுவிச்சு, கியர்பாக்ஸைப் பின்னால இழுத்து, கதவு வழியா வெளிய தூக்கணும்.

5/ அதாவது அத்தனை வருஷம் சேர்ந்த கிளட்ச் தூசியும் காருக்குள்ளதான் கொட்டும், மெக்கானிக் முகத்துக்கு நேரா. அதை ஏர் பைப் வச்சு ஊதுவாங்க. தேஞ்ச பிளேட்டுக்குப் புது லைனிங் வச்சு ரிவெட் அடிப்பாங்க. சூடு தாங்கணும்னு அந்தக் கால லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது.

6/ ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரல்ல தழும்பு உண்டாக்கும், புற்றுநோயும் தரும். உடனே தெரியாது, பல பத்து வருஷம் கழிச்சுதான் தெரியும்.

7/ 1995-ல உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளோட உடல்நலப் பதிவை குறைஞ்சது 40 வருஷம் வைக்கணும்னு சொன்னது. ரோட்டோர பட்டறைக்காரர் பேரு எந்தப் பதிவேட்டுல இருக்கும்?

8/ 1700-லயே இத்தாலிய மருத்துவர் ராமாசினி எழுதிட்டார்: நோயாளிகிட்ட "என்ன வேலை பார்க்குறீங்க?"னு கேளுங்க. பெரியவர் சீட்டுல நான் எழுதினது "இருமல், 3 மாசம்" மட்டும். வேலையை நான் கேட்கல, அவரா சொன்னார். சளி டெஸ்ட்டோட எக்ஸ்-ரேவும் எழுதினேன். சீட்டுல தொழிலையும் சேர்த்தேன்.

9/ பழைய வண்டி வச்சிருக்கீங்களா? பழைய லைனிங்னா ஆஸ்பெஸ்டாஸ் இருக்குன்னே வச்சுக்கோங்க. தூசியை ஊத வேண்டாம், ஈரத்துணியால துடைக்கச் சொல்லுங்க. கர்ச்சீப் கட்டினா போதாது. அந்தச் சட்டையோட வீட்டுக்குப் போய் குழந்தையைத் தூக்க வேண்டாம். மெக்கானிக் அண்ணன்களே, ஆஸ்பத்திரிக்கு வந்தா, நாங்க கேட்காட்டியும் உங்க வேலையைச் சொல்லுங்க.