வேதக்காரர்களும் அற்புதங்களும்

தாமிரபரணிக் கரையில் பழைய ஆட்கள் ‘மதம் மாறினான்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘வேதத்துக்குப் போயிட்டான்’ என்பார்கள். வேதம் என்ற சொல் காதில் விழவே கூடாது என்று விலக்கி வைக்கப்பட்ட சனங்கள் ‘வேதக்காரர்’ ஆனார்கள். அவர்கள் கும்பிடும் இடம் வேதக்கோயில் ஆனது.

ஆனால் திருச்சபை வரலாற்றை எழுதியவர்கள் எங்கிருந்து தொடங்குகிறார்கள்? தஞ்சாவூர் பிராமண விதவை கிளாரிந்தாவிடமிருந்து. 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1785இல் பாளையங்கோட்டையில் அவர் எழுப்பிய ஆலயத்துக்கு இன்றும் ‘பாப்பாத்தி கோயில்’ என்றே பேர். அந்த அம்மாள் செய்தது பெரிய காரியந்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பின்னால் ஊர் ஊராகச் சேர்ந்து வந்த நாடார், பள்ளர், பறையர் பெயர்கள் எத்தனை நமக்குத் தெரியும்?

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதற்குச் சபையார் சொல்லும் விடை ‘ஆவியானவரின் கிரியை’. ஏடுகளைப் புரட்டினால் வேறு ஒன்றும் தெரிகிறது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் வெறும் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. வேதத்துக்கு வந்தவனைப் பண்ணையார் குடிசையை விட்டு விரட்டினால் போய் இருக்க ஓர் இடம் வேண்டுமே! அதற்காக நிலம் வாங்கிக் கிறிஸ்தவக் குடியிருப்புகளை உண்டாக்கினார்கள். பிரஷ்ய நாட்டுப் பிரபு தோனா கொடுத்த பணத்தில் உருவான டோனாவூர் அப்படி ஒன்று. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரேனியஸ் நடத்திய செமினரியில் மேல்சாதிப் பிள்ளைகள் கீழ்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உட்கார மாட்டோம் என்றார்கள். அவர் செமினரியையே கலைத்துவிட்டு, கூட உட்கார்ந்து சாப்பிடச் சம்மதித்தவர்களை வைத்து மறுபடி தொடங்கினார். நெல்லைச் சபைகளில் நடக்கும் அசனப் பந்தியைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். (அந்தப் பந்தியில் யார் யார் பக்கத்தில் யார் யார் உட்காருகிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

அற்புதங்களைப் பொறுத்தவரை வெள்ளைக்கார ஐயர்மார் ரொம்பவே எச்சரிக்கையானவர்கள். பேய், சாமியாட்டம் என்றாலே கால்டுவெல்லுக்கு இளக்காரம். 1849இல் அவர் எழுதிய சாணார் பற்றிய நூலே சாட்சி. அற்புதம் கீழேயிருந்துதான் வந்தது. 1860இல் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பன் கூட்டத்தில் பெரிய எழுப்புதல் உண்டானது. ரேனியஸிடம் படித்தவர் அருளப்பன். மிஷன் சம்பளம் வேண்டாம் என்று தனியே நின்றவர். அங்கே ஆணும் பெண்ணும் அழுதார்கள், விழுந்தார்கள், அந்நிய பாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். இதைத் தேவசெயல் என்று ஏற்ற மிஷனரிகளும் உண்டு, மிரண்டவர்களும் உண்டு. உலகம் முழுக்கப் பெந்தெகொஸ்தே வரலாறு 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவிலிருந்து ஆரம்பிக்கிறது என்கிறார்கள். நம்ம ஊரில் அதற்கு 46 வருஷம் முந்தியே நடந்திருக்கிறது.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காக வந்தவர்கள் என்று ஏளனம் செய்தவர்கள் அன்றும் இருந்தார்கள். பசித்தவன் சோறு போட்ட கையைத் தேடிப் போனதில் என்ன அவமானம்?

இப்போதுள்ள அற்புதக் கூட்டங்களுக்கு வருவோம். சுரண்டையில் 1935இல் பிறந்த டி.ஜி.எஸ். தினகரன் 2008இல் இறக்கும்வரை லட்சக்கணக்கானவர்களைத் திரட்டிச் சுகமளிக்கும் கூட்டங்கள் நடத்தினார். இன்று அது சேரிக்குள் ஓலைக்கொட்டகை வரை வந்துவிட்டது. பகுத்தறிவாளர் சிரித்துவிட்டுப் போவது சுலபம். நான் பார்த்தது வேறு. பாஸ்டர் அவள் தலையில் கை வைக்கிறார். ஊருக்குள் டீக்கடைக்காரன் காசைக்கூடக் கையில் வாங்காத அப்பன் ஆத்தாளுக்குப் பிறந்தவள் அவள். இயேசு குஷ்டரோகியைச் ‘சுத்தமாகு’ என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். தொட்டார் என்கிறது மாற்கு. அவளுக்குக் காய்ச்சல் போச்சோ இல்லையோ, ஒருத்தர் தொட்டார். மைக்கைப் பிடித்து நாலு பேர் முன்னால் சாட்சி சொன்னாள். மேடையில்லாதவளுக்கு மேடை.

அதே கொட்டகையில் காசநோய் மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்கிறவனும் இருக்கிறான். நோய் முற்றிச் செத்தால், ‘விசுவாசம் பத்தல’ என்று பழி செத்தவள் மேலேயே விழும். இதை எதிர்த்து முதலில் பேச வேண்டியது நாம்தான், சிரிக்கிறவர்கள் அல்ல.

எரிகோ மதில் விழுந்தது பற்றிய பிரசங்கம் எத்தனையோ கேட்டிருக்கிறோம். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் பிணங்களைப் பிரிக்கும் சுவரை இடிக்கச் சொல்லி வருஷக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. நான் கேட்ட சாட்சிகளில் கான்சர் போயிருக்கிறது, கடன் தீர்ந்திருக்கிறது, பையனுக்கு விசா கிடைத்திருக்கிறது. சாதி போனதாக ஒருவரும் சாட்சி சொல்லிக் கேட்டதில்லை.

சட்டம் மட்டும் சாதி போய்விட்டதாக எடுத்துக்கொள்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வர முடியாது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, இந்துத் தொழிலாளிக்குக் கொடுத்த பெட்டிக்கடையைத் தனக்கும் கேட்டு உச்சநீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985இல் தள்ளுபடி செய்தார்கள். ஜெபக்கூட்டத்தில் ‘சுகமானேன்’ என்று சாட்சி சொல்ல வேண்டும். கோர்ட்டில் ‘சுகமாகவே இல்லை’ என்று சாட்சி சொல்ல வேண்டும்.

அதனால்தான் நம்ம பிள்ளைகளுக்கு ரெண்டு பேர். சர்டிபிகேட்டில் மாரியப்பன், ஞாயிற்றுக்கிழமை மோசே. மைக் கிட்டப் போகும்போது எந்தப் பேரைச் சொல்வது என்று ஒரு நொடி நிற்கிறான்.